டேப் அக்கா வெட்டிய மரை

என் மனைவி குழாய் வேலை செய்பவள். இதைச் சொன்னதும் சிலர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அப்ப நீங்க?" என்பார்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் உடைந்த கண்ணாடிகளுக்குத் திருகு மாட்டுபவன். அவளுடைய ரெஞ்சு என் முழங்கை நீளம். என் திருப்புளி தீக்குச்சியை விடச் சின்னது. எங்கள் தெருவில் யாருக்கு மரியாதை அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவளைத் தெருவே 'டேப் அக்கா' என்று கூப்பிடுகிறது. குழாய் மூட்டில் ஒழுகாமல் சுற்றுகிற வெள்ளை டேப் ஒரு சுருள் எப்போதும் அவள் இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி கிடக்கும். வீட்டில் இந்தச் சொல்லால் எனக்குப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. சுற்றுவதும் டேப், அளப்பதும் டேப், குழாய்க்குள் திருகு ஏறுவதற்கு மரை வெட்டுகிற இரும்பும் டேப். "ஏங்க, அந்த டேப்ப எடுங்க" என்று குரல் வந்தால் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். கல்யாணமான புதிதில் ஒரு தடவை திட்டு வாங்கியதிலிருந்து அதுதான் என் வழக்கம்.

அவளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடித்த வீட்டுக்கு மறுநாள் காலை மறுபடி போவாள். பழைய செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்து, மூட்டுக்கு அடியில் வைத்து அழுத்தி எடுப்பாள். அதில் ஈரப்புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பிறகு வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வி: "ஒழுகுச்சா?" இருபத்திரண்டு வருடமாக அதற்கு ஒரே பதில்தான். கூடப்போய் அந்தப் பதிலைக் கேட்டிருக்கிறேன். பெருமையில் எனக்குத்தான் தலைகால் புரியாது. அவள் காகிதத்தைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவாள்.

எங்களுக்கு ஒரே மகள். பாப்பா என்று கூப்பிடுகிறோம், வயது பத்தொன்பது. மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுபவள். ரோட்டில் அல்ல, கல்லும் வேரும் சேறுமாக இருக்கிற காட்டுப்பாதையில். போன வருடம் போட்டியில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தபோது சங்கிலி அறுந்துவிட்டது. சரிசெய்யும் கருவிகள் சீட்டுக்கு அடியில் ஒரு பையில் இருந்தன. கையை விட்டுப் பார்த்தால் பையே இல்லை. குலுங்கிய குலுக்கலில் எந்தக் கல்லுக்கு நடுவில் விழுந்ததோ. வழியில் வேறு யாரும் உதவக்கூடாது என்பது போட்டி விதி. நான்கு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து, எல்லோரும் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்த பிறகு வந்து சேர்ந்தாள். அழவில்லை. "பை விழுந்துடுச்சும்மா" என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த வருடம் முதல் நான்கு பேரை மாநில அணியில் எடுப்பதாக அறிவித்தார்கள். இருபது வயது நிறையாதவர்களுக்கு மட்டும். அதாவது பாப்பாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு கருவியைக் கொண்டுவந்து காட்டினாள். கட்டைவிரல் தடிமனில் ஒரு சாண் நீளம். மடக்கிய சாவிகளும் சங்கிலிக் கண்ணியைத் தள்ளும் ஊசியும் அதற்குள்ளேயே இருந்தன. அதை வைக்கும் இடம்தான் விசேஷம். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கிலிருந்து ஒரு குழாய் மேலே கிளம்பி ஹேண்டில்பாரைப் பிடிக்கிறது அல்லவா, சைக்கிளின் கழுத்து, அதற்குள் மேலிருந்து செருகிவிடலாம். சைக்கிளே உடைந்தால்தான் கருவி விழும்.

"பையில வேணாம். முதுகுல கட்டினா விழும்போது முதுகுலயே குத்தும். இதான்ப்பா சரி" என்றாள் பாப்பா.

அம்மாவும் மகளும் சைக்கிள் கடைக்குப் போனார்கள். வாய் பார்க்க நானும் போனேன். கடைக்காரர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"கழுத்துக்குள்ள ஒரு நட்சத்திர நட்டு இருக்குக்கா. மேல் மூடியோட திருகு அதைப் பிடிச்சு இழுத்துத்தான் கழுத்தே இறுக்கமா நிக்குது. அதை இடிச்சு வெளிய தள்ளணும். அப்புறம் உள்ள மரை வெட்டணும். கார்பன் ஃபோர்க்னா கிட்டவே போகக் கூடாது. இது அலுமினியம், வெட்டலாம். ஆனா ஒரு தடவை வெட்டினா வெட்டினதுதான். கோணிக்கிச்சுன்னா ஃபோர்க் குப்பைக்கு. போன வருஷம் நான் ஒண்ணு குப்பைக்கு அனுப்பினேன். அதோட தொடறதில்ல."

"குழாய்தானே?" என்றாள் என் மனைவி.

"குழாய் இல்லக்கா, ஸ்டீயரர்."

"உள்ள காலியா இருக்கு. ரெண்டு பக்கமும் திறந்திருக்கு. எங்க தொழில்ல அதுக்குப் பேரு குழாய்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். மரை வெட்டும் டேப்பை உள்ளேயிருந்து எடுத்து வந்து கொடுத்தார். "உங்க கை ராசியான கைதான். ஆனா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."

போட்டி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை அவள் வேறு வேலை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கொல்லைப்புறத்தில், துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவளுடைய குழாய்ப் பிடி ஒரு மேசையில் பொருத்தியிருக்கிறது. ஃபோர்க்கைச் சைக்கிளிலிருந்து கழற்றி, கீறல் விழாமல் இரண்டு மரத்துண்டுக்கு நடுவில் வைத்து அதில் இறுக்கினாள். ஒரு கம்பியை மேலே விட்டுச் சுத்தியலால் நான்கு தட்டு. நட்டு கீழ்ப்பக்கமாக வந்து தரையில் விழுந்து என் காலடிக்கு உருண்டது.

அடுத்தது மரை வெட்டும் டேப். குழாய் வாயில் அதை நிறுத்திவிட்டு உடனே திருப்பவில்லை. முன்னால் வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள். பாப்பா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சொட்டு எண்ணெய். முன்னால் அரைச் சுற்று, பின்னால் கால் சுற்று. முன்னால் அரை, பின்னால் கால். பின்னால் திருப்பும்போதெல்லாம் உள்ளே 'டக்' என்று சீவல் முறிகிற சத்தம். மெல்லிய அலுமினியச் சுருள்கள் மேசையில் உதிர்ந்தன. எங்கள் வீட்டில் அந்த அரைமணி நேரம் யாரும் தும்மக்கூட இல்லை.

டேப்பை வெளியே எடுத்து, உள்ளே துடைத்து, டார்ச் அடித்துக் காட்டினாள். நான் கண்ணாடித் திருகுகளை லென்ஸ் வைத்துப் பார்ப்பவன். மரை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு மரையை நான் பார்த்ததில்லை. ஒரு பிசிறு இல்லை, ஒரு கோணல் இல்லை. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

ஃபோர்க்கைத் திரும்ப மாட்டினாள். கருவி உட்காரும் உறையை அந்த மரையில் திருக வேண்டும். மூடியைப் போல மேலே உட்கார்ந்து கழுத்தை இறுக்கப்போவதும் அந்த உறைதான். கையில் எடுத்தாள். மறுகை தானாக மணிக்கட்டிலிருந்து வெள்ளை டேப்பை இழுத்து உறையின் மரையில் மூன்று சுற்றுச் சுற்றியது.

"அம்மா! உள்ள தண்ணியா ஓடப்போகுது?"

மூன்று பேரும் சிரித்தோம். டேப்பைப் பிரித்துப் போட்டாள். கருவி உள்ளே கடகடக்கிறதென்று அதன் உடம்பில் மட்டும் இரண்டு சுற்றுச் சுற்றிவைத்தாள். டேப்பைப் பிரித்த கையால் பழக்கத்தைப் பிரிக்க முடியுமா? உறையைத் திருகினாள். இருபத்திரண்டு வருடமாக எப்படி இறுக்குவாளோ, அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசியில் ஒரு உந்து உந்தி இறுக்கினாள். ஹேண்டில்பாரைக் கழுத்தோடு கவ்வுகிற பக்கத் திருகுகளையும் முடுக்கி, "ஓட்டிப் பாரு" என்று கொடுத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து தண்ணீர்த் தொட்டி வரை இறங்கித் திரும்புகிறது. பாப்பா வேகமாக இறங்கினாள். சைக்கிள் திரும்பவில்லை. ஹேண்டில்பார் துருப்பிடித்த குழாய்த் திருகு மாதிரி அப்படியே நின்றது. தொட்டிச் சுவரில் உரசி விழுந்தாள்.

ஓடிப் போனோம். முழங்கை சிராய்த்து ரத்தம். மறுநாள் போட்டி. பயமும் ஆத்திரமும் சேர்ந்து பாப்பா கத்தினாள்: "உனக்கென்ன நட்டு கழண்டுடுச்சாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "கழட்டிப் போட்டுட்டுத்தான்டி வேலையே ஆரம்பிச்சேன்."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. ஆனால் சொன்னவள் சிரிக்கவில்லை. சைக்கிளைத் தூக்கிவந்து, மேசைக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. அவள் இறுக்கிய ஒன்று தப்பாகிப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உறையைத் தளர்த்தினாள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உலுக்கினால் கழுத்து 'லொடக்' என்றது. இறுக்கினாள். திரும்ப மறுத்தது. தளர்த்தினாள், லொடக். குழாய்க்கு எவ்வளவு இறுக்கினாலும் நல்லதுதான். எங்கே நிறுத்துவது என்று அவள் கையை இதுவரை யாரும் கேட்டதில்லை.

எனக்கு விடை தெரியும். இருபது வருடமாக நான் செய்கிற வேலையே அதுதான். ஆனால் ரெஞ்சு பிடிப்பவளிடம் போய் இறுக்குவதைப் பற்றிப் பேசி யார் வாங்கிக்கட்டிக்கொள்வது? என் கண்ணாடியைக் கழற்றினேன். அவள் முகத்துக்கு நேராகக் கவிழ்த்துப் பிடித்து, மடக்கியிருந்த காதுக் கம்பியை விட்டேன். அது தன் எடையில் மெதுவாக இறங்கித் தொங்கியது. மடக்கினேன், விட்டேன். மறுபடி இறங்கியது. ஆடவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை.

கண்ணாடியை வாங்கி அவளும் ஒரு தடவை கம்பியை மடக்கி விட்டுப் பார்த்தாள். "கண்ணாடிக்காரரே, வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"சொன்னா கேப்பியா?"

"மாட்டேன்" என்றாள். ரெஞ்சைத் தள்ளி வைத்தாள். முன்சக்கரத்தை என்னைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பக்கத் திருகுகளைத் தளர்த்தி, உறையை இரண்டே விரலால் திருகினாள். ஒரு இழை. ஹேண்டில்பாரை நேராக்கி விட்டாள், எந்தப் பக்கமும் சாயவில்லை. ஒரு இழை பின்னால். இப்படிப் பதினைந்து தடவையாவது இருக்கும், என் கை கடுத்துப்போயிற்று. கடைசியில் ஒரு தடவை விட்டபோது ஹேண்டில்பார் தானாகச் சாய்ந்து, மெதுவாகப் போய் நின்றது. பிரேக்கைப் பிடித்து உலுக்கினாள். லொடக் இல்லை. பக்கத் திருகுகளை முடுக்கினாள். பாப்பா கட்டுப் போட்ட முழங்கையோடு சந்தில் நாலு தடவை இறங்கி ஏறினாள். ஐந்தாவது தடவை கையைத் தூக்கி ஆட்டினாள்.

மறுநாள் மலையடிவாரத்தில் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். காட்டுப்பாதை அங்கிருந்து தெரியாது. ஒலிபெருக்கியில் மட்டும் அவ்வப்போது சொல்வார்கள். பாதி வழியில் எங்கள் மகள் இரண்டாவது என்றார்கள். சைக்கிள் கடைக்காரரும் வந்திருந்தார், பொறுப்பில்லை என்று சொன்ன அதே மனிதர், எங்களைவிட அதிகமாக வேர்த்துக்கொண்டு. அதன்பிறகு ஒலிபெருக்கியில் பாப்பாவின் பேரே வரவில்லை. முதல் பெண் வந்தாள், இரண்டாவது வந்தாள், மூன்றாவதும் வந்தாள். என் மனைவி மணிக்கட்டில் இருந்த டேப் சுருளைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் திருப்பத்தில் இரண்டு பேர் ஒன்றாகத் தெரிந்தார்கள். ஒன்று எங்கள் சேற்றுப் பிள்ளை. இன்னொருத்தி ஒரு சக்கர நீளம் பின்னால் துரத்துகிறாள். கடைசி வளைவு கூர்மையானது. பாப்பா ஹேண்டில்பாரைச் சாய்த்தாள். அது வெண்ணெய் மாதிரி திரும்பியது. அந்த ஒரு சக்கர நீளம் கோடு வரை அப்படியே இருந்தது. நான்காவது!

நான் கத்தினேன். கடைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார். "டேப் அக்கா!" என்று அவர் போட்ட கூச்சலில் அறிவிப்பவரே பேச்சை நிறுத்திவிட்டார். எனக்குக் கண்ணாடி முழுக்கப் புகை.

என் மனைவி கத்தவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சைக்கிளிடம் போனாள். மகள் மூச்சு வாங்கக் குனிந்து நிற்கும்போதே, கழுத்துக்குள்ளிருந்து அந்தக் கருவியை இரண்டு விரலால் உருவினாள். வெள்ளை டேப்பில் கன்னங்கரேலென்று ஒரு கட்டைவிரல் ரேகை. சங்கிலி எண்ணெய். காட்டுக்குள் சங்கிலிக்கு என்ன நடந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதைக் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்துக் கேட்டாள்:

"ஒழுகுச்சா?"

பாப்பா நிமிர்ந்தாள். முகமெல்லாம் சேறு, கையெல்லாம் கறுப்பு.

"ஒரு சொட்டு இல்லம்மா."