நான்காவது கேசட்டில் குறட்டை

நம் அபிமான இசைக்குழுவின் நான்காவது கேசட் கிடைத்துவிட்டது என்று நேற்று இந்த ரசிகர் குழுவில் துள்ளினேன் அல்லவா? வாபஸ்.

மற்ற ஐந்தும் வீட்டில் இருக்கின்றன. இந்த ஒன்றுக்காக இன்று இரண்டு பஸ் மாறி லிங்கராஜபுரம் போனேன். வைத்திருந்தவர் ஸ்டெல்லா அக்கா, டெய்லர்.

எடுத்து நீட்டியதுமே பார்த்துவிட்டேன். கேசட் விளிம்பில் இருந்த ஓட்டைகளின் மேல் செல்லோ டேப். அவற்றை மூடினால்தான் பாட்டு கேசட்டில் மறுபடி பதிவு செய்ய முடியும். பாட்டை அழித்து வேறு எதையோ பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"என்னக்கா புடிச்சி வெச்சிருக்கீங்க?"

"எங்க வூட்டுக்காரரு கொறட்ட தம்பி. கொறட்டையே உடறதில்லன்னு சாதிச்சாரு. புடிச்சி, போட்டுக் காட்னேன். அது என் கொறட்டயாம்!"

வழக்கு இன்னும் முடியாததால் கேசட் கிடையாது, கவர் மட்டும் தருகிறேன் என்றார். கையோடு கேசட்டையும் ஓடவிட்டார்.

"நீயே சொல்லு, இது ஆம்பள கொறட்டதானே?"

ஒரு பக்கம் முழுக்கக் கேட்டேன். எனக்கென்னவோ அக்காவின் குறட்டையாகத்தான் பட்டது. ஆனால் கவர் இன்னும் அவர் கையில் இருந்தது.

"சந்தேகமே இல்லக்கா" என்றேன்.

கவர் இப்போது என்னிடம். கேசட் இருந்து கவரைத் தொலைத்தவர்கள் யாராவது உண்டா? ஓட்டையில் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இன்னொரு குடும்பத்துக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.