அரைச் சொட்டு மஞ்சள்

வெள்ளை என்று ஒரே ஒரு நிறம் கிடையாது என்பது சொட்டு அண்ணனின் கட்சி. பெயிண்ட் கடையில் இருபத்தெட்டு வருஷமாக நிறம் கலக்கிற மனுஷன். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது, மற்றபடி எல்லாருக்கும் அவர் சொட்டு அண்ணன்தான். பழைய சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். வாசலுக்குப் போய் வெயிலில் ஒரு பார்வை பார்ப்பார். உள்ளே வந்து வெள்ளை டப்பாவைத் திறந்து கறுப்பு ரெண்டு சொட்டு, மஞ்சள் அஞ்சு சொட்டு, சிவப்பு அரைச் சொட்டு என்று விடுவார். அரைச் சொட்டை எப்படி விடுவது என்று என்னைக் கேட்காதீர்கள், அது அவருக்கே வெளிச்சம். கலக்கி, அட்டையில் ஒரு இழுப்பு இழுத்து, காயவைத்து, அதன்மேல் அந்தச் சில்லை வைத்தால் சில்லு எங்கே என்று தேடவேண்டியிருக்கும்.

கல்யாணமான புதிதில் அவருக்கு முன்பல் ஒன்று உடைந்தது. எப்படி என்று கேட்டவர்களிடம் எங்கேயோ இடித்துக்கொண்டேன் என்று முடித்துவிட்டார். பல் கட்டின டாக்டர் நிறம் பார்க்கத் திணறினபோது, இவரே வாசலுக்குப் போய்க் கண்ணாடி பிடித்துப் பார்த்து, இதுதான் என்று ஒரு மாதிரியை எடுத்துக் கொடுத்தாராம். ஒரு மாசத்தில் எது கட்டின பல், எது சொந்தப் பல் என்று அவருக்கே மறந்துபோயிற்று. இதையும் தன் கண்ணின் பெருமைகளில் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அப்புறம் சொல்வதையும் விட்டுவிட்டார்.

இப்படிப்பட்ட மனுஷன் பல் விஷயத்தில் குழம்பித் தவித்தது ஒரு போர்டினால். சின்ன முதலாளி கடைக்குப் புதுப் போர்டு வைக்க ஆசைப்பட்டார். சொட்டு அண்ணன் படம், கீழே ‘இவர் கண் தப்பாது’ என்று எழுத்து. போட்டோக்காரர் வந்து, கன்னத்தோரம் ஒரு வெள்ளை நிற அட்டையைப் பிடிக்கச் சொல்லி, பல் தெரியச் சிரிக்கவும் சொன்னார். எடுத்த படத்தைக் காட்டினபோது அண்ணனுக்குப் பகீர் என்றது. அட்டை வெள்ளையாக இருந்தது. பல் பழைய ஆபீஸ் ஃபைல் நிறத்தில் இருந்தது. இத்தனை வருஷம் ஊர்ச் சுவரையெல்லாம் பார்த்தவர் தன் வாயைப் பார்க்கவில்லை. வாயில் புண், மூணு வாரம் கழித்து வாருங்கள் என்று புளுகிவிட்டு நேராக மருந்துக் கடைக்குப் போனார்.

வீட்டிலேயே பல்லை வெளுக்க வைக்கும் ஜெல் ஒன்றைக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் ஒரு டியூப், பல்லில் மாட்டிக்கொள்ள ரப்பர் மாதிரி ரெண்டு அச்சு. தினம் அரை மணி, பதினாலு நாள். முதலில் பல் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும் என்று பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. பெயிண்ட் டப்பாவின் பொடி எழுத்தை எல்லாருக்கும் படித்துக் காட்டுகிற ஆள் இதைப் படிக்கவில்லை.

மூணாம் நாள் குழப்பம் ஆரம்பித்தது. சாயங்காலம் அச்சைக் கழற்றிவிட்டுக் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தால் பல் பளிச்சென்று இருக்கிறது. காலையில் கடை வாசலில் பார்த்தால் மங்கலாக இருக்கிறது. டியூப் லைட்டை நம்பக் கூடாது என்பது அவர் தொழில் பாலபாடம், சரி. நிற அட்டையிலிருந்து பன்னிரண்டு வெள்ளைகளைப் பட்டை பட்டையாக வெட்டி, தினம் ஒவ்வொன்றாக உதட்டுக்குள் செருகிப் பார்த்தார். அப்போதுதான் இன்னொரு சந்தேகம் வந்தது. ஈரத்தில் நிறம் சொல்லக் கூடாது, காய்ந்தபிறகுதான் சொல்லவேண்டும். பெயிண்ட் காயும், சரி. வாய் எப்படிக் காயும்?

காயவைத்தார். நம்பமாட்டீர்கள், டேபிள் ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார். காய்ந்த பல் ரெண்டு படி வெள்ளையாகத் தெரிந்தது. சந்தோஷத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு படி இறங்கிவிட்டது. இதில் எது நிஜம்? மனுஷனுக்குத் தலை சுற்றியது.

அதற்காகத்தான் மனைவியைக் கேட்டார். அவள் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறவள். துணிக்கு நூல் எடுக்கிறதில் அவள் கண்ணும் லேசுப்பட்டதில்லை, வாயும் பொய் சொல்லாது. தினம் காலையில் ஜன்னலோரம் நின்று ஈ என்று காட்டுவார். அவள் கையில் ஊசியோடு நிமிர்ந்து பார்ப்பாள்.

“அப்படியேதாங்க இருக்கு” என்பாள்.

ஐந்தாம் நாளும் அப்படியேதான். எட்டாம் நாளும் அப்படியேதான். அவர் கண்ணுக்கு வெளுத்திருக்கிறது, அவள் கண்ணுக்கு வெளுக்கவில்லை. ஜெல் வேலை செய்கிறதா இல்லையா? செய்யாவிட்டால் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பல் ஏன் இப்படிக் கூசுகிறது? செய்தால் அவளுக்கு ஏன் தெரியவில்லை? பத்தாம் நாள் இன்னொரு கூத்து. மேல்வரிசையில் நடுவே ஒரு பல் மட்டும் மற்றதைவிட மஞ்சளாக நின்றது. வெளுக்கப் போட்ட மருந்தில் ஒரு பல் மட்டும் மஞ்சளாகுமா என்ன? மனைவியிடம் இதைச் சொல்லவே பயந்துபோனார். ஒருத்தர் கண்ணில்தான் கோளாறு இருக்கவேண்டும், அது தன் கண்தான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

தோன்றினது போதாதா? அன்றைக்குப் பார்த்து ஒரு பெயிண்டர் மேஸ்திரி பழைய அறையின் வெள்ளைச் சில்லோடு வந்தார். பத்து நிமிஷ வேலை. அண்ணன் கலக்கினார், வாசலுக்குப் போனார், சரியாகத்தான் இருப்பதுபோல இருந்தது, ஆனால் நம்பிக்கை வரவில்லை. ஒரு சொட்டு கூட்டினார். அது கெட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மூணு டப்பா வீணாயிற்று. மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அது அண்ணனைக் குத்திக் கிழித்தது.

சின்ன முதலாளி நல்ல பிள்ளை. பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னார். சில்லை வைத்துப் பொத்தானை அமுக்கினால் நிறத்தைக் கணக்குப் போட்டுச் சொட்டு விடுகிற மெஷின் வந்திருக்கிறது. அண்ணன் வேண்டாம் என்பதால்தான் இத்தனை நாள் வாங்கவில்லை.

“கஷ்டமா இருந்தா சொல்லுங்கண்ணே. வாங்கிடலாம். நீங்க குடோன்ல உக்காந்து சரக்கைப் பாத்துக்கலாம். திங்கக்கிழமை கம்பெனிக்காரன் பதில் கேக்குறான்.”

குடோனில் ஜன்னல்கூடக் கிடையாது. சொட்டு அண்ணன் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒவ்வொரு சுவராகப் பார்த்து, இது என்ன வெள்ளை, அது என்ன வெள்ளை என்று தன்னையே கேட்டுக்கொண்டு வந்தார். பதில் வந்தது, ஆனால் அது சரியான பதிலா என்று யாரிடம் போய்க் கேட்பது?

சனிக்கிழமை சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தபோது எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டிவிட்டார். கண் டாக்டரிடம் போகவேண்டும், திங்கட்கிழமை மெஷினுக்குச் சரி சொல்லிவிடப் போகிறேன் என்றார். அவள், கண் எங்கேயும் ஓடிப்போகாது, பல் கூச்சத்தில் ஒரு வாய் சோறு இறங்கவில்லையே, முதலில் பல்லைக் காட்டுங்கள் என்று இழுத்துக்கொண்டு போனாள்.

பல் டாக்டரம்மா சின்ன வயசு. கதையைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பட்டையை எடுத்தார். அதில் வரிசையாக மாதிரிப் பற்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். அண்ணனுக்கு அதைப் பார்த்ததும் கை பரபரத்தது. கண்ணாடியோடு ஜன்னல் பக்கம் போய் நின்றார். ரெண்டாவதை வைத்துப் பார்த்தார், நாலாவதை வைத்துப் பார்த்தார். நடுப்பல் ஒன்று மட்டும் நாலாவதோடு சேருகிறது, மற்றதெல்லாம் ரெண்டாவதோடு சேருகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். டாக்டரம்மா வந்து சரிபார்த்தார்.

“சரியாத்தான் சொல்றீங்க. இந்த ஒண்ணு கட்டின பல்லா?”

அவர் அந்தப் பல்லை நாக்கால் தடவிப் பார்த்தார். கட்டின பல் ஒன்று இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஜெல் வேலை செய்திருக்கிறது. சொந்தப் பற்கள் ரெண்டு படி வெளுத்திருக்கின்றன. பெயிண்ட் மாதிரி வெள்ளையாகாது, அவ்வளவுதான் ஆகும். நிறுத்தினால் அதிலும் கொஞ்சம் இறங்கும். பல் காய்ந்தால் கூடுதல் வெள்ளையாகத் தெரியும், நனைந்தால் பழையபடி ஆகும், ஃபேன் காட்டினது அந்தக் கூத்துதான். ஆனால் கட்டின பல்லில் இந்த ஜெல் ஏறவே ஏறாது. அது மஞ்சளாகவில்லை, கட்டின அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. கூச்சம் குறையும்வரை ஜெல்லைத் தொடவேண்டாம், முதலிலேயே வந்து கேட்டிருக்கலாமே என்றார்.

“அப்போ என் கண்ணு?”

“கண்ணுக்கு என்ன? எனக்கே இவ்வளவு சீக்கிரம் நிறம் தெரியாது.”

சொட்டு அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். எல்லாம் சரி, இவள் பொய் சொல்கிறவள் இல்லையே. அப்படியென்றால் தினம் காலையில் இவள் எதைப் பார்த்தாள்?

அவள் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

“நீங்க வாயைத் திறந்தா என் கண்ணு அந்தப் பல்லுலதாங்க போய் நிக்கும். வேற பல்லு இருக்குறதே எனக்குத் தெரியாது. பரண்லேர்ந்து அந்தக் குக்கர் மூடியை நான் ஒழுங்கா எடுத்திருந்தா அது உடைஞ்சிருக்குமா?”

கல்யாணமாகி ரெண்டாவது மாசம். ஸ்டூல்மேல் ஏறி நின்றவள் கையிலிருந்து நழுவின மூடி, கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர் வாயில் விழுந்தது. அவர் அதை மறந்தே போயிருந்தார். இடித்துக்கொண்டேன் என்று மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்டார். அவள் இத்தனை வருஷமாக, அவர் சிரிக்கிறபோதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வாரைத் திருகிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முதலாளியிடம் மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேஸ்திரியின் வெள்ளையைப் பத்து நிமிஷத்தில் கலக்கிக் கொடுத்தார். போட்டோவை இன்னும் ஒரு மாசம் தள்ளிப்போடச் சொன்னார். நிறம் ஒரு நிலைக்கு வந்தபிறகுதான் புதுப் பல் கட்டவேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. உண்மையில் அவருக்கு அந்தப் பழைய பல்லை மாற்ற மனசில்லை. இத்தனை வருஷத்தில் துளி மாறாத நிறம், அவரே எடுத்துக் கொடுத்தது. ஆனாலும் மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டார்.

அந்த நாள் வந்தபோது ஜன்னலோரம் நின்று, மாதிரிப் பட்டையை மனைவி கையில் கொடுத்தார். “நீ எடு” என்றார். அவள் பதறினாள். பிறகு நூல்கண்டு தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாக வைத்து வைத்துப் பார்த்து ஒன்றை எடுத்து, இதுதாங்க என்றாள். டாக்டரம்மா அண்ணனைப் பார்த்தார். அவர் மாதிரியை வாங்கி வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்தார்.

“இதுதான். இதையே கட்டுங்க” என்றார்.

போர்டு இப்போது கடைமேல் இருக்கிறது. சொட்டு அண்ணன் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறார். அவர் மனைவி அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் நின்று அண்ணாந்து பார்க்கிறாள். எந்தப் பல் என்று அவளுக்கு இப்போது தெரியவில்லை. அவருக்குத் தெரியும். அவள் எடுத்த பல்லில் அரைச் சொட்டு மஞ்சள் கூடுதல். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.