கடலடியில் ஒரு மேடு

நிலம் கடலுக்குள் இறங்கும் ஓரத்தில், தரை எங்கே உயர்ந்தது, எங்கே தாழ்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு. கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி, கடலடி மண்ணடுக்குகளில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமானது என்று பதிவுசெய்திருப்பார்கள். அந்தப் பதிவுகளைக் காரைக்குடி வீட்டில் உட்கார்ந்து மடிக்கணினியில் படித்துக்கொண்டிருந்தேன். அடுக்குகளுக்குள் பழைய கடற்கரை ஒன்று புதைந்து கிடந்தது. அதன் ஒரு பகுதி மட்டும் மேடாகத் தூக்கியிருந்தது. அங்கே தரை உயர்ந்திருக்கிறது என்று மூன்று வருடமாக எழுதி வந்தேன்.

ஆய்வேட்டைக் கொடுக்கப் பத்து நாள் இருக்கும்போது, அந்த மேட்டுக்கு மேலே சுண்ணாம்புப் பாறை இருப்பதாக ஒரு பழைய அறிக்கையில் படித்தேன். அந்தப் பாறைக்குள் ஒலி வேகமாக ஓடும், சீக்கிரம் திரும்பிவிடும். அதனால் கீழே சமமாகக் கிடப்பதுகூட மேடுபோலத் தெரியும். நானோ எல்லா இடத்துக்கும் சேற்றுமண்ணில் ஒலி ஓடும் வேகத்தையே கணக்கில் போட்டிருந்தேன்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில், சென்னையிலிருந்த என் பேராசிரியரை அழைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "மேடே இல்லைன்னு வந்தா அதையே எழுதுங்க. முதல்ல கணக்கைப் போட்டுப் பாருங்க" என்றார். அதைக் கேட்டதுமே பாதி பாரம் இறங்கியது.

அன்றைக்குப் பார்த்து ஊரில் மாலைவரை கரண்ட் கிடையாது. புதுவயலில் அக்காவின் அரிசி ஆலையில் ஜெனரேட்டர் உண்டு. பஸ் பிடித்துப் போனேன். அக்கா தன் மேசையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, லாரிக்காரர்களை வெளியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினாள். ஆலை ஓடும் அதிர்வில் திரையே லேசாக நடுங்கியது. பாறைக்கு உரிய வேகத்தைப் போட்டுக் கணக்கை ஓடவிட்டேன். மதியம் தாண்டியதும் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னத்தா, மொகம் இப்பிடி வாடிக் கெடக்கு?"

"இல்லாத மேட்ட இருக்குன்னு எழுதிட்டேனோன்னு பயமா இருக்குக்கா."

புதுக் கணக்கின் கடைசிக் கோடும் திரையில் விழுந்தது. மேடு பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் மறையவில்லை. சுண்ணாம்புப் பாறை முடிந்த இடத்தையும் தாண்டித் தெற்கே நீண்டிருந்தது. மூன்று முறை சரிபார்த்தேன்.

"இருக்குக்கா" என்றேன்.

அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "அப்பச் சரி. காலையிலருந்து ஒண்ணும் திங்கலயில்ல, வா."

சாம்பார் சாதத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்து, நான் செய்த தவறையும் ஆய்வேட்டில் சேர்த்து எழுதத் தொடங்கினேன்.