சமையலறைப் பக்கத்து அறைக்கு ஒரு ரேடியேட்டர்

பழைய சுவரைத் துளைக்கும்போது மூக்கில் ஏறும் சிமெண்ட் தூசி வாசனை... கூடவே ஜனவரி மாதத்து ரியாத் குளிர். ட்ரில் மெஷினைப் பிடித்துப் பிடித்து விரலெல்லாம் மரத்துப்போயிருக்கும்.

2000-களின் நடுவில் நடந்தது இது. கல்யாணமாகி நாற்பத்தியொரு நாளில் லீவு முடிந்து திரும்பியிருந்தேன். ரியாத்தின் பத்தா பகுதியில் ரூம். சின்ன கான்ட்ராக்டிங் கம்பெனி ஒன்றில் பிளம்பர் வேலை. கூட வேலை பார்த்தவன் குகன், யாழ்ப்பாணத்துக்காரன், என் வயதுதான். எட்டு வருடம் அங்கே இருந்ததில் அவனுக்கு அரபி தண்ணீர் பட்ட பாடு.

ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அபு சாலிம் என்று கூப்பிடுவோம். அவர் மனைவிக்குச் சொந்த ஊர் சிரியாவில் அலெப்போ. குளிர் வந்தால் அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் வீட்டுக்கு ரேடியேட்டர் போடுவதென்று முடிவு செய்திருந்தார்.

எனக்குத் தெரிந்த ரேடியேட்டர் லாரிக்கு முன்னால் இருப்பதுதான். குகன் சிரித்தான்.

"இது வீட்டுக்குப் போடுறது மச்சான். பொய்லர்ல தண்ணி சுடும். பைப்பால ஓடிவந்து இதுக்குள்ள சுத்தி அறையைச் சூடாக்கும். வேற ஒண்டுமில்லை."

அபு சாலிம் கையில் ஒரு கேட்லாக். மெலிசான, வெள்ளை வெளேரென்ற அலுமினிய ரேடியேட்டர். எல்லா அறைக்கும் அதே மாடல், அதே அளவு. ஹாலுக்கு மட்டும் பெரியதாக இரண்டு. விருந்தாளிகள் வந்து உட்காரும் ஹால் அது. கூரையில் பூவேலையெல்லாம் செய்து வைத்திருந்தார்.

ஒரே அளவு சரிவராது என்று குகன் எடுத்துச் சொன்னான். எந்த அறையில் ஜன்னல் பெரிது, எந்தச் சுவரில் வெயில் படாது... இதையெல்லாம் பார்த்துத்தான் அளவு முடிவு செய்ய வேண்டும். அலுமினியம் சீக்கிரம் சூடாகும், அதே வேகத்தில் ஆறியும் விடும். வார்ப்பிரும்பு சூடாக நேரமாகும், ஆனால் சூடு நின்று நிதானமாக இறங்கும்.

பேசிக்கொண்டிருக்கும்போது உள்பக்கக் கதவு கொஞ்சம் திறந்தது. வீட்டுப் பெண்கள் எங்கள் முன்னால் வர மாட்டார்கள். குரல் மட்டும் வந்தது. அந்த அம்மா நிதானமாக ஏதோ சொன்னார். குகன் என் காதில் சொன்னான்.

"ஹால்ல ஆர் இருக்கினம் எண்டு கேக்கிறா. தான் நாள் முழுக்க இருக்கிறது சமையலறைக்குப் பக்கத்து அறையிலயாம்."

ட்ராயிங்கில் அந்த அறைக்கு 'ஸ்டோர்' என்று எழுதியிருந்தது. ரேடியேட்டர் பட்டியலிலேயே அது இல்லை.

"அது ஸ்டோர்தானே" என்றார் அபு சாலிம்.

"ஸ்டோர்தான். பதினோரு வருஷமா நான் அங்கதான் உட்காந்திருக்கேன்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல்.

அபு சாலிம் கேட்லாகை மூடினார். எங்களைக் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குப் போனார். ஒரு தையல் மெஷின், ஜன்னலுக்குக் கீழே ஒரு மெத்தை, கைக்கு எட்டும் தூரத்தில் டெலிபோன். தங்கைகள் அலெப்போவிலிருந்து கூப்பிட்டால் அடுத்த நொடியில் எடுக்க வேண்டுமாம். இரும்பு ஜன்னலின் இடுக்கு வழியாகக் காற்று ஊசி மாதிரி இறங்கியது.

அபு சாலிம் அந்த மெத்தையில் உட்கார்ந்தார். ஜன்னல் சட்டத்தில் கையை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

வாங்கி வைத்திருந்த பாய்லர் சின்னது. ஹாலுக்கும் இந்த அறைக்கும் சேர்த்து அதால் முடியாது. தயங்கித் தயங்கித்தான் குகன் அதைச் சொன்னான்.

"ஹால்ல மாஃபி" என்றார் அபு சாலிம், வேண்டாம் என்று கையை ஆட்டி. "இங்க போடு."

அந்த அம்மா கேட்டது வார்ப்பிரும்பு. சின்ன வயதில் அவர்கள் வீட்டில் அதுதான் இருந்ததாம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்காருவார்களாம். நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்தோம். பழைய சுவர் அந்தக் கனத்தைத் தாங்காது. அதனால் கால் வைத்த மாடலாகப் பார்த்து, ஜன்னலுக்குக் கீழே தரையிலேயே நிறுத்தினோம்.

முதன்முதலாக ஓடவிட்ட அன்று ரேடியேட்டருக்குள் இருந்த காற்றை நான் வெளியே விட, 'உஸ்ஸ்' என்று சத்தம் வந்து அடங்கியது. மெதுவாகச் சூடு ஏறியது. நாங்கள் வெளியே வந்து நின்றோம். புருஷனும் பெண்சாதியும் உள்ளே போனார்கள்.  பிறகு உள்ளிருந்து அந்த அம்மாவின் குரல், எங்களிடம்:

"உங்க ரூம்ல குளிருக்கு என்ன பண்றீங்க?"

குகன் பதில் சொன்னான். எனக்கும் தமிழில் சொன்னான். "ரெண்டு சோடி சொக்ஸ் போடுறம் எண்டனான்."

உள்ளே சிரிப்புச் சத்தம்.

ரூமுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒன்று உறைத்தது... முன்பின் தெரியாத ஒரு வீட்டில், ஒரு அம்மா எங்கே உட்காருவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டில் என் மனைவி எங்கே உட்காருவாள்? நாற்பத்தியொரு நாளும் விருந்து, கோயில், சொந்தக்காரர் வீடு என்றே போய்விட்டது. தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தா போன் கடையில் கார்டு வாங்கிப் போட்டுக் கூப்பிட்டேன்.

"செல்வி, பகல்ல நீ வீட்ல எங்க உட்காந்திருப்ப?"

"இதென்னங்க கேள்வி?"

"சும்மா சொல்லேன்."



"கொல்லப் படியில. அங்கதான் செல்லுக்கு டவர் கெடைக்குது."

"வெயில் அடிக்குமே."

"அடிக்கும்."

"நான் வெள்ளிக்கிழமைதானே கூப்புடுவேன்?"

"தெரியும்ங்க."

 கார்டில் நிமிஷம் மிச்சம் இருந்தது. இரண்டு பேரும் சும்மாவே லைனில் இருந்தோம்...

ஊரோடு வந்து ஆறு வருடமாகிறது. வீடு முழுக்க வைஃபை. செல்வி சமையலறையிலிருந்து ஏதாவது சொல்வாள், நான் போனைப் பார்த்துக்கொண்டே "ம்ம்" என்பேன். எல்லாம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தப் போன் கடையில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அவள் மூச்சுவிடுவதைக்கூட விடாமல் கேட்டேனே... அந்த மாதிரி அவளைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.