குண்டூசியை அமுக்காதே

அவளை எல்லாரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியான உடம்பு, உச்சியில் உருண்டையாக ஒரு கொண்டை. கல்யாணமான புதிதில் கொழுந்தன் வைத்த பெயர் அது. வேறொருத்தியாக இருந்தால் மூக்கைச் சிந்திக்கொண்டு அறைக்குள் போயிருப்பாள். இவள், "கொஞ்சம் கிட்ட வாங்க, குத்துதான்னு பாப்போம்" என்றாள். அன்று முதல் கொழுந்தன் எட்ட நின்றுதான் பேசுகிறான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது, அவளும் அதைத் தட்டிவிடவில்லை.

அவள் லேஸ் பின்னுகிறவள். லேஸ் என்றதும் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் நாடாவை நினைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும்தான். இது கையால் பின்னுவது. மரத்தூள் அடைத்த கெட்டியான வட்டத் திண்டு, அதன் மேல் துளையிட்ட அட்டை, ஒவ்வொரு துளையிலும் ஒரு பித்தளைக் குண்டூசி. நூல் சுற்றிய மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் திண்டின் மேல் கிடக்கும். குச்சிகளை ஒன்றுக்கொன்று மாற்றியும் முறுக்கியும் ஊசியைச் சுற்றி நூலை ஓட்ட வேண்டும். ஊசிதான் நூலைப் பிடித்து நிறுத்துகிறது. பின்னல் முடிந்த பகுதியில் ஊசியை உருவிவிடலாம். கடைசி வரிசைகளில் கை வைத்தால் அவ்வளவுதான், நூல் தொளதொளத்து, பின்னியதெல்லாம் பாழ்.

நேராகப் போகிற பட்டையைப் பழகினவர்கள் யாரும் பின்னிவிடுவார்கள். ஆனால் கைக்குட்டைக்குச் சுற்றுவட்டமாக லேஸ் வைக்க வேண்டுமென்றால் மூலை வரும். முக்கால்வாசிப் பேர் அங்கே வெட்டித் தைப்பார்கள், இல்லையென்றால் சுருக்கி மடித்து ஒப்பேற்றுவார்கள். குண்டூசிக்கு இரண்டுமே பிடிக்காது. மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு, கண்டு கண்டாக நூலை வீணடித்து, நூல் அறாமல் மூலை திருப்பும் வழி ஒன்றைத் தானே கண்டுபிடித்தாள். அந்த மூலையை ஒரு கண்காட்சியில் பார்த்துவிட்டுப் போன வெளிநாட்டுக்காரி ஒருத்திதான், லேஸ்காரர்கள் ஒன்றுகூடும் தங்கள் கூட்டத்துக்கு வந்து அதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டு எழுதினாள். டிக்கெட் அவர்களுடையது.

குண்டூசிக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில்தான் முகம் மாறியது.

அவள் புருஷனைத் தெருவே டைம்கீப்பர் என்று அழைக்கும். பஸ் டிப்போவில் வண்டி வருகிற நேரமும் போகிற நேரமும் குறித்தே ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. ஆனால் ஊர் வாய்க்கு அவ்வளவு பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. டீக்கடையில் யாராவது கேட்டால், "சும்மா உக்கார முடியாம ஏதோ பின்னிக்கிட்டு இருக்கா" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவர். இப்போது அந்தச் சும்மா விமானம் ஏறப்போகிறது.

"இந்தா பாரு, யாராவது கேட்டா சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லிரு" என்றார்.

"ஏன், சொல்லிக் குடுக்கப் போறேன்னு சொன்னா என்ன?"

"சிரிப்பாங்கம்மா. இவ என்ன பெரிய வாத்தியாரான்னு கேப்பாங்க. எதுக்கு வம்பு?"

குண்டூசி சரி என்றுவிட்டாள். விசாவுக்கு அலைந்து அலைந்து அலுத்துப்போயிருந்த நேரம், இதற்கு வேறு மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. அவளுக்காக நான் கோபப்படுகிற இடம் இதுதான். சண்டைக்காரி, சண்டை போட வேண்டிய நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முன்பு திண்டில் மூலையைப் பாதி வரை திருப்பி வேண்டுமென்றே நிறுத்தினாள். முடிந்த மூலையை யார் வேண்டுமானாலும் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். நூல் எங்கே திரும்புகிறது, எந்த ஜோடி காத்திருக்கிறது என்பது பாதியில் நிற்கிற மூலையில்தான் தெரியும். வகுப்பே அதுதான். அது கலைந்தால் மறுபடி நூல் சுற்றிக் குச்சி கட்டி அந்த இடத்துக்கு வந்து சேருவதற்குள் கூட்டம் முடிந்து அவரவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். குச்சிகளைக் கொத்துக் கொத்தாகத் துணியில் வரிந்து கட்டினாள். பெரிய பெட்டியில் போட்டால் தூக்கி எறிந்து நசுக்கிவிடுவார்கள் என்று திண்டைக் கைப்பையில் வைத்தாள். அதுவரைக்கும் எல்லாம் சரி.

"ஊசி இப்படித் துருத்திக்கிட்டு நின்னா பிடிச்சுக்க மாட்டாங்களா? உள்ள அமுக்கி விட்டுரு. யாருக்கும் தெரியாது" என்றார் டைம்கீப்பர்.

பழைய வரிசைகளில் ஊசியைத் தலை வரை அமுக்குவது லேஸ்காரர்களின் வழக்கம்தான், ஓடுகிற நூல் அதில் மாட்டாது. கடைசி வரிசையை அமுக்க மாட்டார்கள். குண்டூசி அதையும் அமுக்கினாள். கட்டைவிரலில் அங்குஸ்தான் என்கிற தையல் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் அமுக்கி, மேலே ஒரு துணியையும் போர்த்தினாள். திண்டு இப்போது பரம சாதுவாக இருந்தது.

விமான நிலையத்தில் பெட்டிக்குள் ஊடுருவிப் பார்க்கும் இயந்திரத்துக்குள் பை போனது. போன பை வெளியே வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சீருடைக்காரி நிமிர்ந்தாள்.

"இது யாரோடது?"

"என்னோடதுங்க."

"உள்ள என்ன இருக்கு?"

"மரத்தூளுங்க."

"மரத்தூளா? படத்துல ஒரே ஊசியாத் தெரியுது." துணியை விலக்கித் திண்டைத் தடவிப் பார்த்தாள். ஒரு ஊசியை நகத்தால் நெம்பினாள், வரவில்லை. "ஏன் இப்படி உள்ள அமுக்கி மறைச்சு வெச்சிருக்கீங்க?"

அமுக்கியது ஏன் என்று குண்டூசிக்கே இப்போது தெரியவில்லை.

"எதுக்கு வெளிநாடு போறீங்க?"

"சுத்திப் பாக்க."

"சுத்திப் பாக்கப் போறவங்களுக்கு எதுக்கும்மா இந்தத் தலகாணி?"

கேள்வி நியாயமானது. பின்னால் வரிசையில் நின்றவர் ஒருவர் பெருமூச்சு விட்டார். சீருடைக்காரி பையைக் கவிழ்த்ததில் அடியிலிருந்து கத்திரிக்கோல் வேறு வந்து விழுந்தது. பெரிய பெட்டியில் வைக்க மறந்தது. கூர்மூக்கோடு குருவி மாதிரி இருக்கும், பல வருஷமாக அவள் கையிலேயே கிடந்த கத்திரிக்கோல். அது போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் டங்கென்று விழுந்தது.

"ஊசி எல்லாத்தையும் உருவிடுங்க. இல்லன்னா இத இங்கயே விட்டுட்டுப் போங்க."

அந்த நேரம் பார்த்துத் தட்டில் கிடந்த செல்போன் அலறியது. டைம்கீப்பர்தான். வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள போயிட்டியா?"

"திண்டப் பிடிச்சுட்டாங்க."

"நான் நெனச்சேன். விட்டுட்டு வந்துரும்மா. வண்டி பிடிச்சு வீட்டுக்குப் போயிரலாம். சுத்திப் பாக்கத்தானே போற, உடம்பு சரியில்ல, போகலன்னு சொல்லிக்கலாம். யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

யாருக்கும் ஒன்றும் தெரியாது என்ற அந்தச் சொல்லில் குண்டூசிக்குச் சுருக்கென்றது. அவள் பின்னுவது தெரியாது, மூலை திருப்புவது தெரியாது, போவது தெரியாது, இப்போது போகாமல் திரும்பினாலும் தெரியாது. அவளையும் சேர்த்தல்லவா தலை வரை அமுக்கி மேலே துணி போர்த்தியிருக்கிறார்கள்! அதற்குக் கட்டைவிரல் கொடுத்ததும் அவளேதான்.

"போன வைங்க" என்றாள். டைம்கீப்பர் வைப்பதற்குள் அவளே வைத்துவிட்டாள்.

சீருடைக்காரி பக்கம் திரும்பினாள். "சுத்திப் பாக்கப் போகல. பொய் சொல்லிட்டேன். சொல்லிக் குடுக்கப் போறேன். நான் லேஸ் டீச்சர்."

அந்த வார்த்தையை அவள் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவளை யார் பிடிப்பது?

"ஒரு நாற்காலி குடுங்க. இல்லன்னா தரையிலயே உக்காந்துக்கறேன். ஊசியெல்லாம் உங்க கண்ணு முன்னாடியே எடுக்கறேன். ஆனா கடைசி வரிசை மட்டும் எடுக்க மாட்டேன். அத எடுத்தா மூலை போச்சு. மூலை போனா நான் அங்க போய் வாயப் பாத்துக்கிட்டா நிக்கறது? நீங்க ஊசியப் பிடிச்சு வெச்சிருக்கறதா நெனைக்கறீங்க. என் வகுப்பையே பிடிச்சு வெச்சிருக்கீங்க."

"சத்தம் போடாதீங்கம்மா."

"சத்தம் போடாம இருந்துதான் இங்க வந்து நிக்கறேன்!"

மேலதிகாரி வந்தார், நரைத்த தலைக்காரர். குண்டூசி அவருக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் திண்டை வைத்துக்கொண்டு, ஊசி நெம்பும் சின்னக் கருவியால் பழைய வரிசைகளை ஒவ்வொன்றாக உருவி டப்பாவில் போட்டாள். கடைசி வரிசைக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஊசியையும் பாதி மட்டும் மேலே தூக்கி நிறுத்தினாள். ஒரு நூல்கூட நெகிழவில்லை. உருவிய ஊசி ஒன்றை எடுத்து அதிகாரி இரண்டு விரலால் அழுத்தினார். அது வளைந்தது.

"இதுதானா?" என்றார்.

"இதுதான்."

"உருவின ஊசியெல்லாம் பெரிய பெட்டிக்கு அனுப்பச் சொல்றேன். கத்திரிக்கோல் திரும்பக் கிடைக்காது. திண்டுல நிக்கறது மட்டும் இருக்கட்டும். ஆனா ஒண்ணு, என்ன ஏதுன்னு முதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா இவ்வளவு தூரம் வந்திருக்காதேம்மா. மறைச்சதனாலதான் அந்தப் பொண்ணுக்குச் சந்தேகம் வந்துச்சு."

குண்டூசிக்குப் பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் அவர் சொன்னது சரி. சரியாகச் சொன்னவரோடு சண்டை போட முடியாத எரிச்சலோடு விமானம் ஏறினாள். துணியைப் பைக்குள் சுருட்டி வைத்துவிட்டு, ஊசிகள் நிமிர்ந்து நிற்கிற திண்டை மடியில் வைத்தபடியே போனாள். பக்கத்து இருக்கைக்காரர் வழியெல்லாம் கையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

அங்கே போயும் அடங்கினாளா என்றால் இல்லை. பெரிய கூடத்தில் அவளுக்கு மேடை போட்டு, வகுப்பைப் பார்த்தபடி மேசை வைத்திருந்தார்கள். குண்டூசி நாற்காலியை அப்படியே திருப்பி, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஏற்பாட்டாளர் அம்மாள் பதறி ஓடி வந்தாள். ஆசிரியரின் முகம் தெரிய வேண்டாமா என்று கைஜாடையில் கேட்டாள். முகத்தில் லேஸ் இல்லை என்று குண்டூசியும் ஜாடையிலேயே சொன்னாள். எதிரில் உட்கார்ந்து பார்த்தால் இடது வலதாகும், வலது இடதாகும், மூலை தலைகீழாகத் திரும்பும். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தால்தான் கண்ணும் கையும் ஒரே திசையில் ஓடும். மேடையை விட்டுக் கீழே இறங்கி, கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டாள். வந்தவர்கள் அவள் தோளுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள். மொழி தெரியாத குறையே தெரியவில்லை. "மாத்து, முறுக்கு, மாத்து" என்று அவள் சொல்லச் சொல்ல, அவர்களும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு பின்னினார்கள். மறுநாள் சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒருத்தி இவளைப் பார்த்து வணக்கத்துக்குப் பதில் "முறுக்கு!" என்றாள். குண்டூசிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நூல் வெட்டக் கத்திரிக்கோல் இல்லாமல் அவள் நகவெட்டியால் வெட்டுவதைப் பார்த்துப் பலர் அதையும் கற்றுக்கொண்டார்கள்.

திரும்பி வந்தபோது டைம்கீப்பர் விமான நிலைய வாசலில் காத்திருந்தார். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் திண்டு அவள் மடியில், மூடாமல்.

"மூடேம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

தெருமுனையில் மாடிவீட்டுக்காரர் எதிர்ப்பட்டார். "என்னம்மா, ஊரெல்லாம் நல்லா சுத்திப் பாத்தாச்சா?"

"எதையும் சுத்திப் பாக்கலீங்க. நேரமே இல்ல. சொல்லிக் குடுத்துட்டு வரேன். அடுத்த வருஷமும் கூப்பிட்டிருக்காங்க."

மாடிவீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அப்படியா என்று டைம்கீப்பரைப் பார்த்தார். டைம்கீப்பர் அசடு வழிந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா, டீச்சராத்தான் போயிருந்தா" என்றார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

இப்போது வெளிநாட்டுக் கூட்டங்களுக்குப் போகிற லேஸ்காரிகள் எல்லாரும் முதலில் குண்டூசியிடம்தான் வருகிறார்கள். கத்திரிக்கோலைப் பெரிய பெட்டியில் வை என்று டைம்கீப்பரே முந்திக்கொண்டு சொல்கிறார். ஊரிலேயே நூல் சுற்றி எடுத்துப் போ, அங்கே உட்கார்ந்து சுற்றினால் பாதி வகுப்பு அதிலேயே போய்விடும் என்கிறாள் இவள். மடியில் அடங்காத திண்டை எடுக்காதே, அழைப்புக் கடிதத்தைக் கைக்கு எட்டும்படி வை, மேடை போட்டால் இறங்கி வந்துவிடு.

போன மாதம் பின் தெருத் தையல்காரி வந்தாள். குண்டூசியைவிட மூத்தவள், லேஸில் பூப் பின்னுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவளுக்கும் முதல் அழைப்பு வந்திருந்தது. திண்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, எப்படிக் கட்டுவது என்று கேட்டாள். குண்டூசி குனிந்து பார்த்தாள். ஊசிகள் அத்தனையும் தலை வரை அமுக்கியிருந்தன.

"வீட்டுல என்னக்கா சொல்லியிருக்கீங்க?"

தையல்காரி குரலைத் தாழ்த்தினாள். "பெரியவன் வீட்டுக்கு ஒரு வாரம் போய் இருக்கப் போறேன்னு சின்னவன்கிட்ட சொல்லியிருக்கேன். இந்த வயசுல போய்ச் சொல்லிக் குடுக்கறேன்னா நல்லாவா இருக்கும்?"

குண்டூசி திண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஊசி நெம்பும் கருவியை எடுத்து, கடைசி வரிசையில் ஒரே ஒரு ஊசியைப் பாதி தூக்கி நிறுத்தினாள். கருவியைத் தையல்காரி கையில் கொடுத்தாள்.

"மிச்சத்த நீங்களே தூக்குங்க. அப்புறம் சின்னவன்கிட்ட போய் உள்ளதச் சொல்லிட்டு வாங்க. பெட்டி அதுக்கப்புறம் கட்டலாம்."