சுவிட்ச் சாரும் குனிந்த வகுப்பும்

ஆளில்லாத வகுப்பில் மின்விசிறி சுற்றினால் சுவிட்ச் சாருக்குப் பொறுக்காது. ஆள் இருந்தாலும் அவ்வளவாகப் பொறுக்காது. நடைவழியில் போகிறவர் கதவோரம் கையை நீட்டி, "வெளிய காத்து சும்மாதானே கெடக்கு!" என்று டப்பென்று அணைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். "இந்த மனுஷன் பாடம் நடத்துறாரா, மீட்டர் ரீடிங் எடுக்குறாரா?" என்பார் கணக்கு டீச்சர், கழுத்து வியர்வையைத் துடைத்தபடி.

ஆள் சமூக அறிவியல் வாத்தியார். ஒல்லி, முழங்கை வரை சாக்பீஸ் தூள். வீட்டில் மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு என்ன சமைக்கலாம் என்று பார்த்தால் இவருக்கு மூச்சு முட்டும். "யோசிச்சுட்டு வந்து தொறயேன்!"

"உங்களக் கட்டிக்கும்போது யோசிச்சிருக்கணும்" என்பார் அந்த அம்மாள்.

கிழக்காசியா என்றால் சாருக்கு உயிர். ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பெஞ்சுகளை ஜப்பான், கொரியா, சீனா என்று பிரித்தார். மின்சாரம் போதவில்லை, ஆலைக்கு வெட்டுவதா, வீட்டுக்கு வெட்டுவதா? கை தூக்கி ஓட்டுப் போடக் கூடாது. "ஒருத்தன் மூஞ்சி சுளிச்சாலும் முடிவு செல்லாது. பேசு, பேசிக்கிட்டே இரு!" பிள்ளைகள் தொண்டை கட்டும்வரை பேசினார்கள்.

"ஏசி செலவக் கொறைக்க ஜப்பான் மந்திரியே கோட்டக் கழட்டிட்டு ஆபீஸ் போனாருடா! அங்க ஒருத்தன் தப்பு பண்ணா கூட்டமே எழுந்து மன்னிப்புக் கேட்டுக் குனியும்" என்று தானே குனிந்து காட்டினார். முதுகு நேராக இருக்க வேண்டும். கழுத்து மடங்கக் கூடாது.

"அங்க எவனுமே திருட்டுத்தனமா ஏசி போட மாட்டானா சார்?" என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

"போடுவான். அப்புறம் அவனுக்குத் தூக்கம் வராது."

சாருக்கு வந்தது, நன்றாகவே வந்தது. வெள்ளிக்கிழமை கடைசியாகக் கம்ப்யூட்டர் அறையில் இருந்தது ஒன்பதாம் வகுப்பு. அணைக்க வேண்டியதையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் போனார்கள். அதற்குப் பின் நைசாக உள்ளே நுழைந்த சார், ஏசியைப் பதினெட்டில் வைத்து, பெஞ்சில் நீட்டிப் படுத்து, முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டார். மணிச் சத்தத்தில் விழித்தவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். ஏசி ஓடிக்கொண்டே இருந்தது.

திங்களன்று தலைமையாசிரியை புயலாக வகுப்புக்குள் வந்தார். "ரெண்டு நாளா ஏசி ஓடியிருக்கு! யாரு போட்டது? சொல்லலன்னா காற்றாலை பார்க்கப் போற டூர் கெடையாது."

பிள்ளைகள் வருஷம் முழுக்கக் காத்திருந்த டூர் அது. சார் கரும்பலகையோரம் நின்றிருந்தார். 'நான்தான்' என்ற சொல் நாக்கு வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

லீடர் பெண் எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். கடைசி பெஞ்சுக்காரனும் எழுந்தான். வகுப்பே ஒன்றாகக் குனிந்தது. "எங்க எல்லாரோட தப்பு மேடம்."

தலைமையாசிரியை குனிந்த தலைகளை வரிசையாகப் பார்த்தார். "டூர் கெடையாதுன்னா கெடையாதுதான்" என்றவர், சாரின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா பிள்ளைங்கள நல்லா வளர்த்திருக்கீங்க சார்."

சார் பல்லைக் காட்டினார்.

தலைமையாசிரியை போனதும் லீடர் பெண் மெதுவாகக் கேட்டாள். "சரியா குனிஞ்சோமா சார்? கழுத்து மடங்கலையே?"

சார் சட்டென்று மேசைக்கு அடியில் குந்தி, கையிலேயே இருந்த சாக்பீஸைத் தரையில் தேட ஆரம்பித்தார்.