ஆவடியில் பொரித்த கோரிக் குஞ்சுகள்

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு ஹேமாவதி போன் செய்தாள். அக்காவோடு ஆவடி தொழிற்சாலையில் பக்கத்துத் தையல் மெஷினில் வேலை செய்பவள். "ஷாரன், ஒடனே வா. அக்கா மெஷின் மேலயே சாஞ்சுட்டாங்க," என்றாள். குமணன்சாவடியிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அக்கா ஞானகுமாரிக்கு வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தாள். தனியாக என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. ஹாலில் நான்கு தொட்டிகள், அவற்றில் அறுபது, எழுபது கோரி மீன்கள். விரல் நீளத்துக்கு மேல் வளராதவை. மீசை வைத்துக்கொண்டு மணலைக் கிளறியபடியே இருக்கும். கடைகளில் கோரிடோரஸ் என்று எழுதி வைத்திருப்பார்கள். வாங்குகிறவர்களோ தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று ஒன்றிரண்டை வாங்கிப் போடுவார்கள்.

அவள் முதலில் வாங்கிய ஆறும் வழியிலேயே செத்துப்போயின. ஆறையும் ஒரே கவரில் போட்டு, பஸ்ஸில் கூட்டத்தில் குலுங்கக் குலுங்கக் கொண்டுவந்தாள். பயந்தால் இந்த மீன் உடம்பிலிருந்து ஒரு நஞ்சைக் கக்கும். அடைத்த கவரில் அந்த நஞ்சே அதைக் கொன்றுவிடும். அது அவளுக்கு அப்போது தெரியாது. மறுநாள் கடைக்காரரிடம் போய், குஞ்சு பொரிக்க வைக்க வேண்டும், ஜோடியாகக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்தாராம்.

"இன்னா மேடம், குப்பை பொறுக்குற மீனுக்குப் போய் பிரசவம் பாக்கப் போறீங்களா? ஆவடி போர் தண்ணில இது முட்டையே வெக்காது. அதுக்கெல்லாம் ஃபார்ம் வேணும்."

"வெக்கும். வெச்சதும் உங்களுக்குத்தான் முதல்ல காட்டுவேன்."

இரண்டு வருடம் ஆனது. மழைக்காலத்தில் மொட்டைமாடி முழுக்க வாளிகளை வைத்து மழைத்தண்ணீர் பிடித்தாள். பாதித் தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டு, குளிர்ந்த மழைத்தண்ணீரை ஊற்றினாள். ஒரு ஐப்பசிக் காலையில் கண்ணாடியில் ஜவ்வரிசி ஒட்டியதுபோல் முட்டைகள் இருந்தன. அவற்றை அப்படியே விட்டால் பெற்றவையே தின்றுவிடும். விரல் நுனியால் ஒவ்வொன்றாக உருட்டி எடுத்து ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டாள். பூஞ்சை பிடிக்காமலிருக்கக் காய்ந்த பாதாம் இலை ஒன்று, காற்றுக் குழாய் ஒன்று. அவ்வளவுதான் அவளுடைய ஃபார்ம். குஞ்சுகள் வளர்ந்ததும் ஒரு பாட்டிலில் எடுத்துப்போய்க் காட்டினாள். கடைக்காரர் தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். "போர் தண்ணிக் குஞ்சு உங்க கடைக்கு ஒத்துக்காது," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் யாருக்கும் அது பெருமையாகத் தெரியவில்லை. "புள்ள பெத்துக்க வேண்டிய வயசுல மீனுக்குத் தொட்டில் கட்டிக்கினு இருக்கா" என்று பெரியம்மா தாயம்மாள் அவள் முகத்துக்கு நேராகவே சொல்வார். நானும் ஒரு முறை எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஃப்ரீசர் பெட்டி வந்தது. ஹாலில் இருப்பது ஒரே பிளக். பெட்டிக்காரர் அதிலிருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் சொருகினார். பாஸ்டர் பாட்டை ஆரம்பித்தார். நான் தலைமாட்டில் நின்றிருந்தேன். இரண்டாம் சரணத்தில்தான் உறைத்தது: எப்போதும் அந்த ஹாலில் கேட்கும் காற்றுப் பம்பின் குமிழிச் சத்தம் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போயின. அவை தாங்கும். தொட்டியோரம் இருந்த டப்பாவில் அன்று காலை எடுத்த முட்டைகள். அவை தாங்காது.

சமையலறைக்குப் போனேன். அயர்ன் பாக்ஸுக்கு வைத்திருந்த நீள ஒயரை மிக்ஸி பிளக்கில் மாட்டி, ஹாலுக்குள் இழுத்துவந்தேன். நாற்காலிகளுக்குக் கீழேதான் வழி.

"காலைத் தூக்குங்க பெரியம்மா."

"அய்யே! பொணம் கெடக்குது, மீனுக்குக் காத்து ஊதுதே இது! ஏம்மா, உனுக்கும் புடிச்சிக்கிச்சா?"

"ஷாரு, அப்புறம் பாத்துக்கலாம், எல்லாரும் பாக்கறாங்க," என்றான் அண்ணன் கிறிஸ்துராஜ்.

"பாக்கட்டும். இதப் புடுங்கனது தெரிஞ்சா அக்காவே எழுந்து வந்துடுவா. காலைத் தூக்குங்க."

தூக்கினார். ஹேமாவதி மட்டும் எழுந்து வந்து ஒயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். பம்ப் ஓடத் தொடங்கியது. பாஸ்டர் நிறுத்திய வரியிலிருந்து மறுபடி பாடினார். அடக்கம் முடியும்வரை அந்த ஒயரில் யாரையும் கைவைக்க விடவில்லை.

வெள்ளிக்கிழமை கல்லறையிலிருந்து திரும்பியதும் அண்ணன் சொன்னான்: "குவார்ட்டர்ஸ காலி பண்ணனும். பருத்திப்பட்டு ஏரியில உட்டுடலாம், பொழச்சிப் போவட்டும்."

"ஏரி மீனுக்கு இதால என்ன வியாதி வருமோ? அக்கா ஒண்ணக்கூட ஏரியில விட்டதில்ல. நான் எடுத்துக்கறேன்."

"உனுக்கு இன்னா தெரியும் இதப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது. கத்துக்கறேன்."

பெரிய மீன்களைக் கவருக்கு இரண்டாகப் பிரித்து ஹேமாவதி ஆட்டோவில் ஏற்றினாள். டப்பாவை நான் மடியில் வைத்துக்கொண்டேன். ஆவடியிலிருந்து குமணன்சாவடி வரை ஒரு பள்ளத்தில்கூட வேகம் கூடாது என்று டிரைவரிடம் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் டப்பாவில் இருபத்தாறு குஞ்சுகள். கண்ணிமை மயிரளவுக்கு இருக்கின்றன. ஒன்றுகூட ஏரிக்குப் போகாது. கடைக்கும் போகாது.

அந்த வியாழக்கிழமை காலை, தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்குள் அவளால் முன்பக்கக் கண்ணாடியில் இருந்த முட்டைகளைத்தான் எடுக்க முடிந்திருக்கிறது. பம்பை மாட்டும்போது பார்த்தேன்: பின்பக்கக் கண்ணாடியில் பதினான்கு அப்படியே ஒட்டியிருந்தன. அவற்றையும் விரல் நுனியால் உருட்டி எடுத்து டப்பாவில் சேர்த்தேன்.